விக்கித்தரவுக்குப் புதிய வினவல் எஞ்சின் தேடும் குழுவுக்கு

விக்கிமீடியா அறக்கட்டளையின் தொழில்நுட்பக் குழுவினருக்கு வணக்கம்.

விக்கித்தரவு என்னும் திறந்த தரவுத்தளத்தின் வினவல் சேவையை 2015 முதல் சுமந்துவரும் பிளேஸ்கிராஃப் என்ற எஞ்சினைப் பராமரிக்க ஆளில்லாமல் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2025இல் ஆய்வுக்கட்டுரைகள் பற்றிய தரவைத் தனியே பிரித்ததால் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு மாற்றாகக் கியூலீவர், வெர்ச்சுவோசோ, ஜீனா என எந்த எஞ்சினை ஒப்பிட்டாலும், வேகத்தை அளக்கும் முன் விடை சரியா என்று பாருங்கள்.

பயனர்கள் சேர்த்துவைத்த வினவல்கள் பல பிளேஸ்கிராஃபுக்கு மட்டுமே புரிபவை. ‘இது எவ்வகை’, ‘அந்த வகை எதன் உட்பிரிவு’ என்று தொடர்ந்து செல்லும் பி31/பி279* பாதையை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று சொல்லும் ‘ஹின்ட்’ வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்கிராஃப் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ‘ஹின்ட்’ என்ற முன்னொட்டை அறிவித்துவிட்டு வேறு எஞ்சினில் ஓட்டினால், அதுவும் தரவில் தேட வேண்டிய ஒரு மும்மை (பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்றுறுப்புக் கூற்று) ஆகிவிடும். அப்படியொரு மும்மை தரவில் கிடையாது. பிழைச்செய்தி எதுவும் வராது, நொடிக்குள் பூஜ்ய வரிசைகள் வரும். வேகப் பட்டியலில் அந்த எஞ்சின் முன்னுக்கு வந்துவிடும்.

உருப்படிகளின் பெயரை எடுத்துத்தரும் லேபிள் சேவையும் அப்படியே. தமிழ் லேபிள் இல்லாத உருப்படிக்கு அது அடுத்த மொழியையோ அதன் அடையாளமான கியூ எண்ணையோ காட்டும். அதை நீக்கிவிட்டு, ‘இருந்தால் மட்டும் எடு’ என்னும் ‘ஆப்ஷனல்’ இல்லாமல் மொழி வடிகட்டி எழுதினால் அந்த உருப்படிகளே விடையிலிருந்து விழுந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்த இழப்பின் அளவு தெரியவே தெரியாது. தமிழ், சிங்களம், சந்தாலி போன்ற மொழிகளிலும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

வெர்ச்சுவோசோவைச் சோதிக்கும்போது வரிசை உச்சவரம்பைக் கவனியுங்கள். வரம்பை எட்டியதும் மீதியை வெட்டிவிட்டு, வினவல் வெற்றி என்றே திருப்பி அனுப்பும். நீண்ட பி279* பாதைகளில் தற்காலிக நினைவக வரம்பும் இடிக்கும். கியூலீவர் முதலில் வாசிப்புக்கென்றே கட்டப்பட்டது, திருத்தங்களை ஏற்கும் வசதி பின்னர் வந்தது. எனவே உறைந்த தரவுப் பிரதியில் கிடைக்கும் எண்களை மட்டும் நம்பாதீர்கள். திருத்த ஓட்டத்தைத் திறந்துவிட்டு, குறைந்தது ஒரு வாரம் வினவல் நேரத்தையும் திருத்தங்கள் வந்துசேர்வதில் ஏற்படும் பின்தங்கலையும் சேர்த்து அளங்கள்.

60 விநாடி நேர வரம்பில் தோற்ற வினவல்களைச் சராசரியிலிருந்து தூக்கிவிடாதீர்கள். கடினமானவற்றில் தோற்கும் எஞ்சினுக்கு அதனால் சராசரி அழகாகிவிடும். எல்லா எஞ்சின்களும் விடை தந்த வினவல்களை மட்டும் நேரத்தில் ஒப்பிட்டு, தோல்விகளைத் தனி எண்ணிக்கையாகத் தாருங்கள்.

வினவல் தொகுப்பு, அமைவுக் கோப்புகள், ஒவ்வொரு வினவலுக்கும் வந்த வரிசை எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முடிவெடுக்கும் முன்பே வெளியிடுங்கள். இரண்டு எஞ்சின்களின் எண்ணிக்கை முரண்படும் இடங்களைச் சரிபார்த்துத் தர நாங்கள் தயார்.