செயின்ட் லூயிஸில் ஒரு நியூயார்க்

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. நீ எடுக்கப்போகும் படம்: பணயக்கைதி மீட்பு, எதிர்காலக் கதை, கையில் கொஞ்சம் பணம். அதிலும் பாதியை கிராஃபிக்ஸுக்கு எழுதி வைத்திருக்கிறாய்! யாருக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஜான் கார்பென்டரின் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ (1981) படத்தை இன்னொரு முறை பார். இந்தத் தடவை கணக்குப் பிள்ளையின் கண்ணோடு.

மன்ஹாட்டன் தீவே ஒரு சிறை. உள்ளே போய் விழும் அமெரிக்க அதிபரைக் கைதிகள் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். மொத்தச் செலவு சுமார் 60 லட்சம் டாலர். நியூயார்க்கிலேயே எடுத்திருந்தால் தெருவை மறிப்பதற்குள் பணம் தீர்ந்திருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வட்டாரத்தில் 1976இல் பெருந்தீயில் எரிந்த கட்டடங்கள் இடிக்கப்படாமல் கிடந்தன; அங்கே போய்விட்டார்கள். இரவில் பல தெருக்களுக்குச் சேர்த்து நகர நிர்வாகம் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தது. இருட்டு இலவசம், செட் போட வேண்டாம். பழைய செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தை மட்டும் 1 டாலருக்கு வாங்கி, படப்பிடிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். விபத்து நடந்தால் அரசு பொறுப்பேற்க வேண்டியிராது என்பதற்கான ஏற்பாடு அது.

அதிபரை மீட்க நாயகன் ஓட்டிப் போகும் கிளைடரின் (இயந்திரமில்லா விமானம்) திரையில் நகரம் பச்சைக் கோடுகளாக ஓடுமே, அது கம்ப்யூட்டர் வேலையே இல்லை. அன்றைக்கு அதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது. நகரத்தின் மினியேச்சரில், அதாவது சின்ன மாதிரியில், ஒவ்வொரு விளிம்பிலும் டேப் ஒட்டி, புற ஊதா விளக்கில் எடுத்தார்கள். டேப் மட்டும் தெரிந்தது. கட்டடம் திடப்பொருள் என்பதால் பின்பக்கக் கோடுகள் தாமாகவே மறைந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அன்று அதுதான் பெரிய கணக்கு.

நீயும் செய்யலாம். அட்டைப் பெட்டிகளுக்கு மேட் கறுப்பு அடி. பளபளப்பு இருந்தால் விளக்கு அதில் தெரியும். ஓரடிக் கட்டடத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. ஃப்ளோரசன்ட் டேப் போதும். மூலையில் டேப்பை மடிக்காதே, வெட்டி ஒட்டு. மடித்தால் சூட்டில் தூக்கிக்கொள்ளும். பஞ்சு, நூல் துணுக்கெல்லாம் புற ஊதாவில் வெள்ளையாக மினுங்கும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஊதித் துடை. அருகிலிருப்பதும் தூரத்திலிருப்பதும் கூர்மையாகத் தெரிய வேண்டுமென்றால் லென்ஸ் துளையை எஃப் 11க்குக் குறைக்க வேண்டும், அப்போது வெளிச்சம் போதாது. நகரும் பொருள் எதுவும் இல்லையே, வழக்கமான 24க்குப் பதில் நொடிக்கு 6 ஃபிரேமில் எடு, ஷட்டரை நீளமாக வை. கேமரா டிராலியை மட்டும் கால் பங்கு வேகத்தில் தள்ள வேண்டும். கையால் தள்ளினால் நடுங்கும், சின்ன மோட்டார் வாங்கிக்கொள்.

நாயகன் யாரென்று விளக்க முதல் ரீலைச் செலவழிக்காதே. கார்பென்டர் ஒரு கொள்ளைக் காட்சியையே முழுதாக எடுத்து, பிறகு வெட்டினார். கழுத்தில் வெடிக்கும் குண்டு, 22 மணி நேரக் கெடு. அவ்வளவுதான் அவனைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

பட்ஜெட்டைத் திருத்தி அனுப்பு. இரவு லொகேஷனுக்கு ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

அன்புடன்,
சேது