எந்தக் காட்டு முரசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் கினியா நாட்டுப் பாடகர் மோரி காந்தேயின் ‘அக்வாபா பீச்’ பாடல் தொகுப்பை அறிமுகம் செய்தவர், “காட்டு முரசின் ஆதி ஓசையை மேற்கத்திய இயந்திரத் தாளம் நாகரிகப்படுத்தியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். அந்த முரசு எந்தப் பாட்டில், எந்த இடத்தில் ஒலிக்கிறது என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள். நானும் கேட்டு மகிழ்வேன்.

1987இல் வந்த அந்தத் தொகுப்பின் உயிர் கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியத்தில் இருக்கிறது. பாதியாக அறுத்த பெரிய சுரைக்குடுக்கை, அதன் மேல் ஈரத்தோடு போர்த்திக் காயவிட்ட மாட்டுத்தோல், இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10 என்று 21 நரம்புகள். கட்டைவிரல்கள் அடிச்சுரங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல்கள் மேலிருந்து பிருகாவாக இறங்கும். சுற்றுக்குக் கும்பெங்கோ என்று பெயர், இறக்கத்துக்கு பிரிமிந்திங்கோ. டிஸ்கோக்காரர்கள் கணினியில் வெட்டி ஒட்டும் ‘லூப்’ இதுதானே ஐயா? ஆடவைக்கும் சுழற்சி வாத்தியத்துக்குள்ளேயே இருந்தது. டிரம் மெஷின் அதன் மேல் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. யார் யாரை நாகரிகப்படுத்தினார்கள்?

கலப்பதில் உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கோராவுக்கு நரம்பு மாற்றிச் சுருதி சேர்த்துப் பழகிய கையால் சொல்கிறேன். பழைய முறைக் கோராவில் முடுக்காணி கிடையாது. கழுத்தைச் சுற்றிய தோல் வளையத்தை மேலும் கீழும் நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளரும், அதன் மேல் நின்று நரம்புகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற கட்டை தாழும், 21 நரம்பும் சேர்ந்து இறங்கும். கீபோர்டோ இம்மியும் அசையாது. மரபுச் சுருதியில் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் கீபோர்டு கட்டைகளுக்கு இடையில் விழக்கூடும், அதையும் இழுத்துப் பிடித்தாக வேண்டும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் தோல் அதிர்ந்து ஊளையிடும் என்பதால், எதிரே மைக் வைப்பதைவிடக் குதிரையருகே பிக்கப் என்ற அதிர்வுணரியை ஒட்டுவது உத்தமம். இதில் ஒரு வரியாவது எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

உங்கள் இதழுக்கு இது புதிதும் அல்ல. 2020 மே மாதம் மோரி காந்தே கினியாவின் தலைநகர் கொனாக்ரியில் காலமானபோது “செனகல் கிடார் கலைஞர்” என்று அஞ்சலி வெளியிட்டீர்கள். அவர் கினியாக்காரர், கிரியோ பாணர் மரபில் பிறந்தவர். மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவின் ‘ரயில் பேண்ட்’ இசைக்குழுவில், பாடகர் சாலிஃப் கெய்தா விலகிய பிறகு முன்னணிக் குரலாக நின்றவர். அவருடைய ‘யே கே யே கே’ பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் ஆப்பிரிக்க சிங்கிள் என்பது தாங்கள் அறியாததா? அதற்கு அஞ்சலியில் இடம் கிடைக்கவில்லை போலும்.

அதற்கும் முன்பு, இந்தித் திரையிசையின் பொற்காலம் என்றொரு கட்டுரை. ‘தம்மா தம்மா லோகே’, ‘ஜும்மா சும்மா தே தே’ இரண்டுக்கும் அப்படியொரு புகழ்மாலை. இரண்டும் இதே ‘அக்வாபா பீச்’சில் உள்ள ‘தமா’ பாட்டைத் தழுவியவை. ஒன்று 1990, மற்றது 1991. பம்பாய்க்காரர்கள் எடுத்தால் மேதைமை, கினியாக்காரர் பாடினால் காட்டு முரசு. உங்கள் அளவுகோல் எனக்குப் புரிகிறது.

மறுப்புக் கட்டுரை எழுத இடம் கேட்கவில்லை, கேட்டாலும் கிடைக்காது என்பது தெரிந்ததே. சென்ற இதழின் படத்தில் இருப்பது ஜெம்பே என்ற கைமுரசு. அதன் கீழே ‘கோரா’ என்று அச்சாகியிருக்கிறது. அடுத்த இதழின் பிழைதிருத்தத்தில் அந்த ஒரு சொல்லையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் நிறுத்தாத வாசகன்