பழைய போர்டைப் போடாதே

அன்புள்ள செல்வம்,

ராஜியின் கல்யாண அலைச்சலில் உனக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கல்யாணம் நன்றாக நடந்தது. பாண்டி வழக்கம்போல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டான். மற்றதை நேரில் பேசுவோம்.

சோலார் பேட்டரி பற்றி நீ எழுதியிருந்தது மனதை விட்டுப் போகவில்லை. 14 பாஸ்பேட் செல் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வாங்கி, பழைய ஸ்கூட்டர் பேட்டரி பேக்கின் போர்டையும், அதாவது செல்களைக் காக்கும் மின்சுற்றுப் பலகையையும், சார்ஜரையும் அப்படியே மாட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னாராமே? வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தாலும் வேண்டாம்.

அப்படியே ஜோடித்த ஒரு பேக் நேற்று என் மேசைக்கு வந்தது. தட்டையாக இருக்க வேண்டிய செல்கள் வீங்கி, நீல உறை இழுபட்டு, செல்களை இணைக்கும் பட்டை வளைந்திருந்தது. ஒன்றின் வால்வு திறந்து, பெட்டி முழுக்கப் பெயிண்ட் கரைப்பான் வாடை. போர்டில் ஒரு குறையும் இல்லை. அதற்கு விதித்த வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது!

ஸ்கூட்டரில் இருந்தவை நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த செல்கள். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிறையும். 14 செல்லுக்கு 58.8 வோல்ட். அந்த போர்டின் சிப் 4.25ஐ ஒட்டித்தான் சார்ஜை வெட்டும். பாஸ்பேட் செல்லோ 3.65லேயே நிறைந்துவிடும். சார்ஜர் அதை 4.2 வரை தள்ளும், சிப் தன் எல்லை வரவில்லை என்று வழிவிடும், செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சிதைந்து வாயுவாகும். கடைக்காரர் எங்கே குழம்பினார் என்று புரிகிறது: 16 பாஸ்பேட் செல் நிறைந்தால் 58.4, ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் 48 வோல்ட் என்று விற்பதுண்டு.

சார்ஜரை மட்டும் மாற்றினால் போதாதா என்று உடனே கேட்பாய், உன்னைத் தெரியாதா! போதாது. ஒரு செல் மற்றவற்றை முந்தி ஏறினால் 3.65ல் நிறுத்த ஆளில்லை. செல்களின் வோல்ட்டைச் சமப்படுத்தும் வேலையை அத்தகைய போர்டுகள் பெரும்பாலும் 4 வோல்ட்டைத் தாண்டித்தான் தொடங்கும். பாஸ்பேட் அங்கே போகவே கூடாது. லித்தியம் டைட்டனேட் என்ற வேறு வகைச் செல் என்றால் இன்னும் விசித்திரம். முழுதாக நிறைந்தாலே 2.8 வோல்ட்தான், அதைக் காலி என்று எண்ணி அந்த போர்டு பூட்டிவிடக்கூடும்.

சின்ன பேக்குகளில் வரும் டிடபிள்யூ01 போன்ற சிப்பில் எல்லைகள் ஆலையிலேயே பதிந்தவை, மாற்ற முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ76952 போன்றதில் நாமே எழுதலாம். 3 முதல் 16 செல் வரை தாங்கும். பாஸ்பேட்டுக்கு மேல் எல்லை 3.65, கீழ் எல்லை 2.5க்குச் சற்று மேல், சமப்படுத்தல் 3.4ல் தொடக்கம். இன்னொன்று: பாஸ்பேட் பெரும்பகுதி நேரம் 3.2, 3.3 என்றே நிற்கும். வோல்ட்டை வைத்து மீதிச் சார்ஜைச் சொல்லும் மீட்டரை நம்பாதே. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணும் சிப்பாகப் பார்.

அம்மா படுக்கும் அறைக்கு அடுத்த சுவரில்தானே பேட்டரியை வைக்கப் போகிறாய்? அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 16 செல் வாங்கு. போர்டில் உள்ள சிப்பின் எண் தெரியும்படி ஒரு படம் அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை ஒரு ஒயரைக்கூட இணைக்காதே. பொங்கலுக்கு முன் வருகிறேன், இருவருமாக மாட்டுவோம்.

அன்புடன்,
முருகேசன்