டர்னிப்பை இப்போது உழுதுவிடாதே

மேடிசன், அக்டோபர் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேட்டைக்கு மான் வரட்டும் என்று காட்டோர வயலில் நீ நான்கு நீளப் பட்டைகளாக விதைத்திருக்கும் க்ளோவர் (மூவிலைத் தீவனச் செடி), ஓட்ஸ், ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்), டர்னிப் ஆகியவற்றில் எதை மான் தின்கிறது என்று பார்க்க வைத்த கேமராவின் படங்களும் உன் குறிப்பும் வந்தன. செப்டம்பர் முழுக்க க்ளோவரில் மான், ஓட்ஸில் கொஞ்சம், டர்னிப்பில் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு வாரமாக எந்தப் பட்டையிலும் ஒன்றுமில்லை. டர்னிப்பை உழுதுவிட்டு அங்கேயும் க்ளோவர் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கேமரா பொய் சொல்லவில்லை, நீ எடுத்த முடிவுதான் அவசரம்.

முதலில் மான் வராத இந்த இரண்டு வாரத்தைப் பார். மான் ஊரை விட்டுப் போகவில்லை. மேட்டுச் சரிவில் ஓக் மரத்தடிக்குப் போய்ப் பார். இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூராக முள்முனையோடு இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்புக் குறைவு. அது கொட்டுகிற செப்டம்பர், அக்டோபரில் எவ்வளவு நல்ல பயிரும் தோற்கும். மரத்தடியில் உடைந்த ஓடும் புதுப் புழுக்கையும் கிடந்தால் உன் கேள்விக்கு அதுவே பதில். வெள்ளை ஓக் கொட்டை அந்த இலையுதிர் காலத்திலேயே முளைவிட்டுவிடும், அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். சிவப்பு ஓக்கினுடையது துவர்ப்பு அதிகம், குளிர்காலம்வரை கிடக்கும், மான் அதைப் பிறகுதான் தேடும். ஆகவே கொட்டை கொட்டும் வாரங்களைக் குறிப்பேட்டில் தனியாக எழுதி வை. அந்த நாட்களின் கணக்கு பயிரைப் பற்றி எதுவும் சொல்லாது.

இரண்டாவது, கேமரா எண்ணுவது தலைகளை. நமக்கு வேண்டியது கடிகள். காட்டோரப் பாதைக்கு அருகே வைத்த கேமரா, அந்த வழியாகப் போகிற மானையெல்லாம் க்ளோவர் கணக்கில் எழுதிவிடும். நவம்பரில் இது இன்னும் மோசமாகும். நம் தமிழில் ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை என்று அழகான சொற்கள் உண்டே, அந்தக் கலைகள் நவம்பர் முதல் பாதியில் தீனியை மறந்து பிணைகளின் பின்னால் அலையும். பெரிய கொம்போடு ஒன்று ரை பட்டையில் நிற்பதைப் படத்தில் பார்த்து, ரையைத் தேடி வந்தது என்று எழுதிவிடாதே. அது பிணையைத் தேடி வந்தது. பிணைகளும் குட்டிகளும் எங்கே தலை குனிகின்றன என்பதை மட்டும் எண்ணு. கேமராவை வடக்கு பார்த்து வை, வெயில் நேரே விழாது. நான்கு பட்டைகளும் ஒரே படத்தில் விழும்படி நிறுத்தி, மாலைக் கடைசி இரண்டு மணி நேரமும் காலை முதல் இரண்டு மணி நேரமும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி அமை.

இனி டர்னிப். கடுகுக் குடும்பத்துச் செடி எதையும் முன்பின் பார்க்காத மான்கள் முதல் வருடம் முகர்ந்துவிட்டுப் போவது சாதாரணம். அசைபோடும் பிராணி அது. முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். கடும் குளிர் விழுந்ததும் இலையில் சர்க்கரை கூடும் என்பதும் உண்மைதான், ஆனால் பழக்கம் அதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. பழகிய இடத்தில் செப்டம்பரிலேயே இலையை மேய்ந்துவிடும். பழகாத இடத்தில் டிசம்பரில் பனி மூடி வேறொன்றும் இல்லாதபோது தொடங்கி, கிழங்கைக் குளம்பால் தோண்டித் தின்னும். இப்போது உழுதால் அந்த டிசம்பரை இழப்பாய். போதாக்குறைக்கு, இந்த அக்டோபரில் விதைக்கும் க்ளோவர் உறைபனிக்கு முன் வேர் பிடிக்காது.

சரி, உண்மையில் எது தின்னப்படுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பயிரில் ஒரு துண்டை மான் மேய முடியாதபடி மறைக்கும் கூண்டுதான். நான்கடி உயரமுள்ள கம்பி வலையில் பத்தடி வெட்டி வளைத்துக் கட்டினால் மூன்றடிக்குச் சற்று அதிகமான விட்டத்தில் ஒரு வட்டம் வரும். இரண்டு இரும்புக் குச்சி அடித்து நிறுத்து. பட்டைக்கு இரண்டு கூண்டு. விதைத்த அன்றே வைத்திருக்க வேண்டும். இப்போது வைத்தாலும் இனிமேல் தின்னப்படுவது தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூண்டுக்குள்ளே உயரம் அள, வெளியே ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடு. உள்ளே 12 அங்குலம், வெளியே 4 என்றால் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சென்டிமீட்டரா அங்குலமா என்பது முக்கியமில்லை, பங்குதான் முக்கியம். ரையும் க்ளோவரும் ஒரே உயரம் வளராதே.

வெளியே குட்டையாக இருப்பதற்கெல்லாம் மானைக் காரணம் சொல்லாதே. மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது, பிடித்து இழுத்துத்தான் பறிக்கும். தண்டின் முனை பிய்ந்து நார்நாராக இருக்கும். முயல் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டும். முயல் வேலை காட்டோரத்திலும் புதரோரத்திலும்தான் அதிகம்.

மான் கூட்டம் அதிகமாக இருந்தால் எல்லாப் பட்டையும் ஒட்ட மேயப்பட்டு, விருப்பு வெறுப்பே தெரியாமல் போகும். அப்போது எது முதலில் தரைமட்டமானது என்பதுதான் கணக்கு. அதற்காகத்தான் இரண்டு வார இடைவெளி. பருவம் முடிந்து ஒரே ஒரு முறை பார்த்தால் பயனில்லை.

வரும் வருடத்துக்கு: இந்த வருடம் பட்டைகளைக் காட்டுக்கு இணையாகப் போட்டிருக்கிறாய். க்ளோவர் மரத்தை ஒட்டி, டர்னிப் நடுவெளியில். மறைவிடத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் மான் முதலில் தின்னும், அதுவும் க்ளோவரின் வெற்றியில் பாதி. பட்டைகளைக் காட்டிலிருந்து வெளியே செங்குத்தாக ஓட விடு, ஒவ்வொரு பயிருக்கும் ஓரமும் நடுவும் சமமாகக் கிடைக்கும். ஒரு பட்டை 20 அடிக்கு 100 அடி போதும். அந்த அளவுப் பட்டையில் தூவி விதைக்க, டர்னிப் 100 கிராம், வெள்ளை க்ளோவர் 170 கிராம், ஓட்ஸ் 2 கிலோ, குளிர்கால ரை 2.3 கிலோ. டர்னிப்பை ஜூலைக் கடைசியில், ஓட்ஸை ஆகஸ்ட் நடுவில், ரையை ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவுக்குள். சீக்கிரம் விதைத்த ரை முற்றிக் கரடாகிவிடும், மான் சீந்தாது. க்ளோவர் விதை கால் அங்குலத்துக்கு மேல் மண்ணுக்குள் போகக்கூடாது. டர்னிப்புக்கும் தானியங்களுக்கும் ஒரே அளவு யூரியா, பட்டைக்கு 2 கிலோ, மழைக்கு முன்னால். வெயிலில் போட்டால் ஒரு பங்கு காற்றோடு போகும். க்ளோவருக்கு வேண்டாம். உரம் குறைந்து மஞ்சளித்த பட்டையை மான் ஒதுக்கினால், அது பயிரின் குற்றமில்லை. டர்னிப்பை ஒரே இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் போடாதே, வேர் தடித்து வீங்கும் நோய் மண்ணில் தங்கிவிடும்.

விதை மூட்டையின் சீட்டை வாசித்து வாங்கு. ரை வேறு, ரைகிராஸ் வேறு. ரைகிராஸ் புல், ஒருமுறை விழுந்தால் களையாக நின்று உன்னைப் பாடாய்ப் படுத்தும்.

பட்டையில் மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. விஸ்கான்சினில் 2002-ல் மான்களின் உடல் தேய்வு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரே இடத்தில் கூடித் தின்றால் அது பரவும். உன் வயல் இருக்கும் ரிச்லண்ட் கவுண்டியில் தீனி கொட்டுவதற்குத் தடை. வயலில் வளர்ந்து நிற்கும் பயிருக்குத் தடையில்லை. நீ சுடும் மானின் தலையை மாநிலத்தின் இலவசப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வந்தபின் சமை.

அளக்கப் போகும்போது நடுப்பகலில் போ, ரப்பர் பூட்ஸ் போட்டு, உன் வாசனை மான் படுக்கும் காட்டுப் பக்கம் வீசாத நாளாகப் பார்த்து. அடிக்கடி நடந்தால் மான் இரவுக்கு மாறிவிடும். உன் பகல் படங்கள் வெறிச்சோடும், பழி மறுபடியும் டர்னிப்பின் மேல் விழும். நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கி ஒன்பது நாள் ஓடும். அந்த நாட்களின் கணக்கையும் ஓக் வாரங்கள் மாதிரியே தனியாக வை. நீ வில்தான் எடுக்கிறாய் என்றாலும் அந்த ஒன்பது நாளும் ஆரஞ்சோ பளிச்சென்ற பிங்கோ போட வேண்டும், அது சட்டம். மரத்தில் ஏறுமுன் உடல் முழுதும் பிடிக்கும் பாதுகாப்பு வார், அது உன் அம்மாவின் சட்டம்.

நான்கு பட்டைக்கு எட்டுக் கூண்டு, எண்பதடி வலை வேண்டும். கராஜில் ஐம்பதடிச் சுருள் ஒன்று கிடக்கிறது, ஞாயிறு வரும்போது எடுத்து வருகிறேன். மீதியை நீ வாங்கி வை.

அம்மா