ஒகேனக்கல்லுக்கு வெளிநாட்டுக்காரர் வருவது எதைப் பொறுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒகேனக்கல்லை உலகத் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்று போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பென்னாகரத்துக்காரன்தான், ஊருக்கு நாலு காசு வந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க வளைவு, பூங்கா, கண்ணாடிப் பாலம் என்றே போகிறது, ஒரு வெளிநாட்டுப் பயணி எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெங்களூரிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் டிராவல்ஸ் தொழிலில் இருப்பதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் காரணம் வருமானம். ஒரு நாட்டில் மக்கள் கையில் காசு புரள ஆரம்பித்தால், வருமானம் கூடும் வேகத்தைவிட வெளிநாட்டுப் பயணச் செலவு வேகமாகக் கூடும் என்பது பொருளாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. காசு குறைந்தாலும் முதலில் வெட்டு விழுவது அதில்தான். ஜெர்மனிக்காரர் சம்பளத்தை நாம் ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது, சரி, அதை விட்டுவிடுவோம்.

அடுத்தது தூரம். பிரான்ஸின் மக்கள் தொகை ஏழு கோடிக்கும் குறைவு, ஆனால் 2024-ல் அங்கே போன வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 10 கோடி. இந்தியாவுக்கு அதே ஆண்டில் ஒரு கோடிதான், அதுவும் முழுசாக எட்டவில்லை. நம்மிடம் பார்க்க ஒன்றுமில்லையா என்ன? பிரான்ஸைச் சுற்றிப் பணக்கார நாடுகள் இருக்கின்றன, பெல்ஜியத்துக்காரர் காலையில் காரை எடுத்தால் மதியத்துக்குள் பாரிஸில் இருப்பார், எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்டி வரிசையில் நிற்க வேண்டிய வேலையும் இல்லை. இரண்டு நாடுகளின் பொருளாதாரம் எவ்வளவு பெரிதோ, இடையில் தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் போக்குவரத்து கூடும் என்று ஆய்வாளர்கள் இதை நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒட்டியே கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டுக்கும் 2024-ல் அதிகம் பேரை அனுப்பிய முதல் இரண்டு நாடுகளில் ஒன்று பக்கத்திலிருக்கும் வங்கதேசம். இன்னொன்று அமெரிக்கா, அங்கே நம் ஆட்கள் குடியேறியிருப்பதே அதற்குப் பெரிய காரணம்.

விலை விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஜப்பானுக்கு 2012-ல் போன வெளிநாட்டுப் பயணிகள் 83 லட்சம் பேர், 2024-ல் 3.68 கோடிக்கும் மேல். இடையில் கட்டிய ஓட்டல்கள் மட்டும் இதற்குக் காரணமில்லை. 2012-ல் ஒரு டாலருக்கு 80 யென் கிடைத்தது, 2024-ல் 150 யென் கிடைத்தது. ஒரே டாலருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிடலாம், தங்கலாம் என்றால் யார்தான் போக மாட்டார்கள்? கூடவே 2013-ல் தாய்லாந்து, மலேசியா மக்களுக்கு விசா கெடுபிடியையும் தளர்த்தினார்கள். ஆனால் மலிவாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 2022-ல் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360-க்குப் போய்விட்டது, வெளிநாட்டுக்காரருக்கு அந்த நாடே தள்ளுபடி விலையில் கிடைத்தது. ஆனாலும் அந்த ஆண்டு போனவர்கள் 7.2 லட்சம்தான். 2018-ல் 23 லட்சம் பேர் போன நாடு அது. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை, மின்வெட்டு, தெருவில் போராட்டம், இதையெல்லாம் டிவியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் கிளம்புவார்? அதற்கு முன் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும், கொரோனாவும் வேறு. நிலைமை சீரான பிறகு 2024-ல் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். நம்பிக்கை போய்விட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் ஆள் வராது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி அது.

விசாவும் அப்படித்தான். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றது, டிசம்பரில் மலேசியாவும் சொன்னது. அதற்குப் பிறகு நம் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பையன்களே கோவாவுக்குப் போவதுபோல பாங்காக் போய்விட்டு வருகிறார்கள். நம் நாடு 2014-ல் இ-விசா கொண்டுவந்தது நல்ல காரியம், ஆனால் விசாவே வேண்டாம் என்று சொல்கிற நாட்டோடு போட்டி போட அது போதாது. அரசியல் சண்டையும் கணக்கில் வரும்: 2023-ல் மாலத்தீவுக்கு இந்தியர்கள் 2 லட்சத்துக்கும் மேல் போனார்கள், 2024 ஜனவரியில் வாய்த்தகராறு கிளம்பியதும் அந்த ஆண்டு 1.3 லட்சமாக இறங்கியது. கடலும் மணலும் அப்படியேதான் இருந்தன.

இப்போது ஒகேனக்கல்லுக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை டெல்லியிலும் வெளிநாட்டிலும் முடிவாகிறவை. நம் கையில் இருப்பது கடைசி நூற்றைம்பது கிலோமீட்டர், அதுவே நமக்குப் பெரிய அதிர்ஷ்டம். ஏனென்றால் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் ஒன்று பெங்களூரில் இருக்கிறது, வேலை விஷயமாக வந்து அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களும் ஏராளம். விமான டிக்கெட், விசா எல்லாம் முடித்துவிட்டு, சனி ஞாயிறுக்கு எங்கே போகலாம் என்று தேடுகிறவர்கள் அவர்கள். மைசூருக்கும் கூர்க்குக்கும் போகிற அவர்களை நம் பக்கம் திருப்ப, உலகத் தரம் என்று பெரிய பேச்செல்லாம் தேவையில்லை.

ஆனால் அப்படி வருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது? ஐரோப்பாவில் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அதே சமயத்தில்தான் கர்நாடகத்தில் மழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, காவிரியில் உபரிநீர் வருகிறது. 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த மாதிரி நேரத்தில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போடுவது சரியான முடிவு, உயிர் முக்கியம். ஆனால் அந்தத் தடை தமிழ்ச் செய்தியில் வருகிறது, நமக்குப் புரிகிறது, பெங்களூர் ஓட்டலில் இருக்கும் டச்சுக்காரருக்கு யார் சொல்வது? பரிசல் துறையில் ஒரு தம்பதி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மூங்கில் பரிசல்கள் கரையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருக்க, அந்த அம்மா அதன் அடியில் பூசிய தாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்று போகாதா, நாளைக்குப் போகுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல யாருக்கும் பாஷை வரவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகு, இதை முன்பே எங்கே பார்த்திருக்க முடியும் என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஓர் இடமும் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், ஆளைப் பார்த்து விலை சொல்வது. பரிசலுக்கும் எண்ணெய் மசாஜுக்கும் மீன் வறுவலுக்கும் வெள்ளைக்காரர் என்றால் ஒரு விலை சொல்கிற இடைத்தரகர்கள் எல்லாச் சுற்றுலா ஊரிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். அன்றைக்கு நூறு ரூபாய் கூடக் கிடைக்கும், ராத்திரியே அவர் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார், அதை அடுத்து வர நினைக்கும் ஆயிரம் பேர் படிப்பார்கள். போய்வந்தவர் சொல்லும் வார்த்தைக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. நஷ்டம் அந்தத் தரகருக்கு இல்லை, வெயிலில் துடுப்புப் போடும் பரிசல்காரருக்கும், அடுப்படியில் கட்லா வறுக்கும் அக்காவுக்கும்தான். சுத்தமான கழிப்பறையும், பெண்கள் உடை மாற்ற மறைவான இடமும் கண்ணாடிப் பாலத்துக்கு முன்னால் வர வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒகேனக்கல் மட்டும்தானா என்றும் கேட்கத் தோன்றுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். மல்லசந்திரத்தில் மலை மேல் பழங்காலத்து ஈமச் சின்னங்களான கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இருக்கிறது. இவற்றையும் அருவியையும் சேர்த்து இரண்டு நாள் பயணமாகக் காட்டினால் வருகிறவர் ஒரு ராத்திரி தங்குவார், தங்கினால்தான் ஊருக்குக் காசு.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் அறிவிப்பு வந்தது. வந்தால் நல்லதுதான். ஆனால் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வருவதில் சிக்கல் இருக்கிறது, அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. பெங்களூரிலிருந்து நேராக ஒகேனக்கல்லுக்கு, கால் நீட்டி உட்கார்ந்து வரும்படி, சனி ஞாயிறு காலையில் ஒரு நல்ல பஸ், கூடவே கட்டணப் பலகை மூன்று பாஷையில். இதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்காது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தைத் தினமும் விடாமல் போடுகிறீர்கள். அதன் கீழே இன்று பரிசல் உண்டா, குளிக்கலாமா என்று ஒரு வரியைச் சேர்த்து, உங்கள் இணையதளத்தில் அதே வரியை ஆங்கிலத்திலும் போட முடியுமா? மற்றதற்கெல்லாம் அரசு ஆணை வேண்டும், இதை நீங்கள் நாளைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்