வெள்ளகவிப் பாதையும் வட்டக்கானல் விடுதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கிவிட்டு, வனத்துறை அனுமதியுடன் டால்பின் நோஸ் பாறை வழியாக வெள்ளகவி என்னும் மலைக்கிராமத்துக்கு இறங்கி, அங்கிருந்து பெரியகுளம் பக்கமுள்ள கும்பக்கரை அருவி வரை நடந்து வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விடுதிச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் பாறையும் அருவியும் இருந்தன. இடையில் மக்கள் வாழும் வெள்ளகவியின் பெயர் இல்லை. உடன் வந்த வழிகாட்டியும் கொடைக்கானல் நகரத்தவரே.

இந்தப் பாதை நேற்று போட்டதன்று. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிய காலம் தொட்டு, 1916-இல் மலைச்சாலை திறக்கப்படும் வரை, பெரியகுளம் பக்கமிருந்து மேலேறியவர்களுக்கு இதுவும் ஒரு வழி. நடக்க இயலாத துரைமார்களை டோலியில் வைத்துச் சுமந்திருக்கிறார்கள். அதே டோலியில் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வெள்ளகவி மக்கள் தூக்கிச் சென்ற செய்திகளை நம் காலத்திலும் படித்திருக்கிறோம். சாலை கேட்டுப் பல ஆண்டுகள் மனு கொடுத்த ஊர் அது. காப்பியும் மிளகும் எலுமிச்சையும் விளைந்தாலும், அவை குதிரை முதுகிலும் மனிதர் தோளிலும்தான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன.

வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊருக்குள் எவரும் செருப்பு அணிவதில்லை. எங்களுக்கு முன்னால் சென்ற ஒரு குழுவினர் காலணியுடன் நுழைந்தபோது, வயதான பெண்மணி ஒருவர்தான் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. (அவர்களையும் குறை சொல்ல முடியாது, யாரும் சொல்லி அனுப்பவில்லை.) வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருந்திருந்தால் இந்தச் சங்கடமே நேர்ந்திராது.

இது மரியாதையோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2018 மார்ச் 11-ஆம் நாள் மூண்டு 23 உயிர்களைக் கொண்டுபோன தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயின்போது மலையேறிச் சென்று உதவியவர்களில் குரங்கணிப் பகுதி மக்களும் இருந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்ல முடியாது என்பது நல்லதே. ஆனால் காட்டின் ஒற்றையடித் தடங்களையும் ஓடைகளின் போக்கையும் அறிந்தவர்களை விட்டுவிட்டு வெளியாட்களை முன்னே அனுப்புவது பாதுகாப்புக்கு உகந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, இப்பாதையில் அனுமதி வழங்கும்போது வெள்ளகவி இளைஞர் ஒருவரேனும் வழிகாட்டியாக உடன் செல்வதை வனத்துறை கட்டாயமாக்க வேண்டும். அவருக்குரிய கூலியை விடுதி பிடித்துக்கொள்ளாமல் நேரடியாக அவரிடமே சேர்க்க வேண்டும். நடைபயணிகளால் வருவாய் ஈட்டும் விடுதிகளிடமிருந்து ஒரு சிறு தொகையை ஊராட்சி பெற்று, மழையில் அரிக்கப்படும் கற்படிகளைச் செப்பனிடவும், டோலிக்குப் பதிலாக ஓரிரு நல்ல தூக்குப்படுக்கைகளை வாங்கி வைக்கவும் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரியகுளம்.