பாப்பா, லேத் வாங்கும் முன்னால் இதைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீட்டில் மரம் கடைந்து பழக வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று லேத் (கடைசல் மெஷின்) படங்களையும் பார்த்தேன். போனில் சொல்லலாம் என்றால் இரண்டு நிமிடத்தில் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்குப் போகும்போது ரயிலில் படி. மாப்பிள்ளையிடமும் காட்டு. அவருடைய சைக்கிள் நிற்கிற இடத்தைத்தானே பிடுங்கப் போகிறாய்.

ஒதுக்கி வைத்திருக்கிற பணம் முழுவதையும் லேத்துக்கே கொடுத்துவிடாதே. பாதியைக் கையில் வைத்துக்கொள். சக் (கட்டையைக் கவ்வுகிற பிடி), உளிகள், சாணை, முகக்கவசம் என்று வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பாதியும் கரைந்துவிடும். சின்ன லேத்தில் கூரான உளியை வைத்து எவ்வளவோ செய்யலாம். பெரிய லேத்தில் மொண்ணை உளியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கப்பல் பட்டறையில் இரும்பு கடைந்தவன்தான். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்று பழகியவன் என்பதால் சொல்கிறேன். இரும்பு லேத்தில் உளியை மெஷினே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அளவு டயலில் இருக்கும். மர லேத்தில் டூல் ரெஸ்ட் உளியைத் தாங்கும், அவ்வளவுதான். மீதியெல்லாம் உன் கையும் இடுப்பும்.

சரி, உன் மூன்று மெஷின்களுக்கு வருகிறேன்.

முதல் படத்தில் இருப்பது பேனா கடைகிற லேத். விலையைப் பார்த்து மயங்கியிருப்பாய். அதில் 8 அங்குல விட்டத்துக்கு மேல் சுற்றாது. கட்டையின் மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக்கில் இருக்கும் கூம்புத் துளை நம்பர் 1 மோர்ஸ் டேப்பர் அளவு. அதில் சொருகுகிற டிரில் சக், லைவ் சென்டர் எல்லாம் நம்பர் 2-க்குத்தான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். ஆறு மாதத்தில் கிண்ணம் செய்ய ஆசை வரும், உனக்கு நிச்சயம் வரும், அப்போது மறுபடியும் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய மெஷின். நல்ல வார்ப்பிரும்பு, எனக்கே கண் போகிறது. ஆனால் மோட்டார் தகட்டில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதே, கவனித்தாயா? இங்கே சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த இன்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சூடும் ஏறும். அதை மறந்துவிடு.

மூன்றாவதுதான் உனக்கு. 12 அங்குலம் சுற்றும், கட்டையை இரு முனையிலும் பிடிக்கிற இரண்டு சென்டருக்கும் நடுவே 18 அங்குலம். மேசைக்கால் கடைய முடியாது, சப்பாத்திக் கட்டை தாராளமாகக் கடையலாம். எடை 40 கிலோ என்று குறை சொல்லியிருந்தாய். எடை இருந்தால்தான் மெஷின் ஆடாது. சக் மாட்டுகிற சுழல்தண்டின், அதாவது ஸ்பிண்டிலின், மரையை மட்டும் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கு. 1 அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 8 மரையா, 33 மில்லிமீட்டர் தண்டில் (எம்33) 3.5 மில்லிமீட்டருக்கு ஒரு மரையா என்று தெரியாமல் சக் வாங்கினால் அது அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நீ பார்க்க வேண்டியது குறைந்தபட்ச வேகத்தை. கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6,000-லிருந்து 9,000-க்குள் நிற்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. உருண்டையாக வராத கட்டையை இன்னும் மெதுவாகத்தான் ஆரம்பிக்கணும். அதே 10 அங்குலக் கட்டையை 3,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நம் எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கே 90-தான். அந்த வேகத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தால் மூக்குக்கண்ணாடி காப்பாற்றாது. முகம் முழுவதும் மூடுகிற ஷீல்டு வாங்கு. கட்டை சுற்ற ஆரம்பிக்கும்போது அதன் நேர் எதிரே நிற்காதே.

எட்டு உளி அடங்கிய பெட்டி வேண்டாம், அதில் பாதி வெளியே வரவே வராது. தனித்தனியாக வாங்கு. கௌஜ் என்றால் நடுவே பள்ளமுள்ள உளி. நீளக் கட்டையை உருண்டையாக்க ஒரு ரஃபிங் கௌஜ், அதில் வளைவு எடுக்க 3/8 அங்குல ஸ்பிண்டில் கௌஜ் ஒன்று, கிண்ணத்துக்கு ஒரு பௌல் கௌஜ், துண்டிக்க 1/8 அங்குல பார்ட்டிங் டூல், சுரண்ட வட்ட முனை ஸ்க்ரேப்பர். எல்லாம் ஹைஸ்பீட் ஸ்டீலில். பௌல் கௌஜில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. பிரிட்டிஷ்காரர் பள்ளத்தை அளப்பார், அமெரிக்கர் தண்டை அளப்பார். பிரிட்டிஷ்காரரின் 3/8 அமெரிக்கருக்கு 1/2. இன்னொன்று, ரஃபிங் கௌஜைக் கிண்ணத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. பிடிக்குள் போகிற அதன் வால் மெல்லியது. உளி கடித்துக்கொண்டால் ஒடிந்து முகத்துக்கு வரும். சாணையே தேவைப்படாத கார்பைடு முனை உளிகளும் இருக்கின்றன. பிடிப்பதும் சுலபம். ஆனால் அவை பெரும்பாலும் சுரண்டத்தான் செய்யும், வெட்டாது. அதிலேயே பழகிவிட்டால் கை நிஜ உளிக்கு வரத் தாமதமாகும்.

சாணைக்கு 8 அங்குல மெதுவேக கிரைண்டர் போதும். நம் மின்சாரத்தில் அது 1,400 சுற்றுச் சொச்சம் ஓடும். சாதாரண கிரைண்டர் அதற்கு இரண்டு மடங்கு ஓடி, உளியை நீ நினைப்பதற்குள் தின்றுவிடும். கூடவே வருகிற சாம்பல் கல்லை எடுத்துவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் போடு.

தீட்டும் முன்பு கறுப்பு மார்க்கரால் உளியின் சரிவு (வெட்டுமுனைக்குப் பின்னால் இருக்கும் தீட்டிய சாய்வு) முழுவதும் பூசு. சுவிட்ச் போடாமல், கல்லைக் கையால் லேசாகச் சுற்றி, உளியைத் தொடவை. எடுத்துப் பார். மை அடியில் மட்டும் அழிந்திருந்தால் பிடியை உயர்த்து, நுனியில் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்து. சரிவு முழுக்க ஒரே கோடாக மை போகும்போதுதான் சுவிட்ச். அழுத்தாதே. தீப்பொறி வெட்டுமுனைக்கு மேலே எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடு. மரத்திலும் கை இப்படித்தான் வேலை செய்யும். உளி ரெஸ்டில் படியணும், சரிவின் அடி மரத்தில் உரசணும், அப்புறம் பிடியை மெல்ல உயர்த்து, சுருள் வரும். தூளாக வந்தால் நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போ.

இனி வீட்டு விஷயம். பொங்கோல் அடுக்குமாடியில் உனக்குக் கீழேயும் ஒரு குடும்பம் இருக்கிறது. லேத்தின் ஓசையைவிட, உருண்டையாக வராத கட்டை தடதடவென்று அடிக்கிற அதிர்வுதான் தரைவழியாக அவர்கள் தலையில் இறங்கும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரி, கட்டையின் மூலைகளை முதலிலேயே அறுத்துவிட்டு லேத்தில் ஏற்று, இரவில் ஓட்டாதே. ஒருமுறை கீழ்வீட்டில் போய், "சத்தம் வந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வா. குண்டுவீச்சு வந்தால் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கிற பாம்ப் ஷெல்டருக்குள் வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. கதவை மூடினால் காற்றே போகாத அறையில் மரத்தூளா? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. உப்புத்தாள் தேய்க்கும்போது வரும் மெல்லிய தூள்தான் நெஞ்சுக்குள் போவது. மாஸ்க் கட்டாயம்.

கையுறை கூடாது. முடியை முடிந்துகொள். வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுவிட்ச். அம்மாவுக்குக் கோபம் வரும், நான் பேசிக்கொள்கிறேன்.

மரத்துக்குக் காசு செலவழிக்காதே. சுங்கை காடுட் பக்கம் மரச்சாமான் செய்கிறவர்களிடம் வெட்டுத்துண்டு கேட்டுப் பார். ரப்பர் மரம் பழகுவதற்கு நல்லது. மழையில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தைச் சாலையோரம் பார்த்தால் கை துறுதுறுக்கும். பூங்கா மரத்தை நீயாக எடுக்கக் கூடாது. யாராவது முறையாகக் கொடுத்தால், வெட்டிய இரு முனைகளிலும் மெழுகு பூசு. காயாத பச்சை மரத்தில் கிண்ணமென்றால் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு விட்டுக் கடைந்து காயவை. காய்ந்ததும் மறுபடி ஏற்று. ஏர்கான் அறையில் வைத்துக் காயவைத்தால் வெடித்துவிடும்.

முதலில் பம்பரம் செய். அதில் பார்ட்டிங், வளைவு, கூர் மூன்றும் வந்துவிடும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்கள் சுற்றுகிற மரத்திலேயே வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவார்கள், உரசும் சூட்டில் அரக்கு உருகி ஏறிவிடும். அதையும் ஒருநாள் பார்க்கலாம்.

மூன்றாவது மெஷினும் பழையதுதான் என்பதால் சனிக்கிழமை நானும் வருகிறேன். ஈசூனிலிருந்து பத்து மணிக்குள் வந்துவிடுவேன். இரண்டு சென்டர்களையும் மாட்டி, டெயில்ஸ்டாக்கை நெருக்கி, முனையும் முனையும் சந்திக்கின்றனவா என்று பார்க்கணும். பெல்ட்டைக் கழற்றி ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் பேரிங் உறுமுகிறதா என்று தெரிந்துவிடும். அதுவரை முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அப்பா